மரியா காலஸ்: 40 வயதிலேயே குரல் போனதற்கு யார் காரணம்?

பழைய ரெக்கார்டு:
"உடம்பைக் குறைத்தார், குரல் போச்சு." ஓபரா பாடகி மரியா காலஸ் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் இந்த ஒரு வரியோடு கணக்கை முடித்துவிடுகிறார். பக்கத்து இழையில் நேற்றும் அதேதான். கொஞ்சம் தேதிகளை வைத்துப் பார்ப்போமே.

அவர் மெலிந்தது 1953-54இல், சுமார் 36 கிலோ. சரி. அப்புறம் என்ன பாடினார்? 1955இல் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் விஸ்கோன்தி இயக்கிய 'லா ட்ராவியாட்டா'. அதே வருஷம் பெர்லினில் கராயன் இசைக்குழுவை நடத்திய 'லூச்சியா'. 1957இல் 'ஆன்னா பொலேனா'. ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பதிவுகளில் பல இந்த மெலிந்த காலத்தவை. எடைக் குறைப்புதான் குரலைத் தின்றது என்றால் மூன்று வருஷம் அது சும்மா உட்கார்ந்திருந்ததா?

என் கட்சி வேறு. சின்ன வயதில் ஏற்றிய பாரம்தான் காரணம். ஏதென்ஸில் 1942இல் டோஸ்கா பாடும்போது அவருக்கு வயது 18. 1944இல் 'ஃபிடேலியோ'. இத்தாலிக்கு வந்ததும் துரந்தோத், இசோல்டே என்று சாரீரத்தைப் பிழியும் பாத்திரங்கள். உச்சகட்டம் 1949 ஜனவரி, வெனிஸ். வாக்னரின் 'வால்கூரே'யில் ப்ரூன்ஹில்டே பாடிக்கொண்டிருக்கிறார். அதே அரங்கில் பெல்லினியின் 'இ பூரிதானி' பாட வேண்டிய மார்கரிட்டா காரோசியோ நோயில் படுத்துவிட்டார். இசைக்குழு நடத்துநர் துல்லியோ செராஃபின் காலஸைப் பிடித்து, சில நாட்களில் பாடம் ஏற்றி, எல்விராவாக மேடையில் நிறுத்தினார். ப்ரூன்ஹில்டே என்றால் பெரிய இசைக்குழுவுக்கு மேலே குரலை எறிய வேண்டும். எல்விரா என்றால் பிருகாவாக உதிர வேண்டும். ஒரே மாதம், ஒரே தொண்டை, வயது 25. இத்தாலியே வாயைப் பிளந்தது. பில் பத்து வருஷம் கழித்து வந்தது.

சுருதிப்பெட்டி:
தேதியை வைத்தே பேசலாம் சார். 'நார்மா'வை அவர் ஸ்டூடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார்: 1954, 1960. இரண்டுக்கும் செராஃபின்தான் நடத்துநர், இரண்டிலும் லா ஸ்காலா இசைக்குழு. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைக்குமா? அதில் வரும் 'காஸ்தா தீவா' பாட்டை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 1960இல் மேலே போய் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது குரல் ஆடுகிறது, காது கேட்கிற யாருக்கும் தெரியும்.

இன்னும் பின்னால் போங்கள். 1951, மெக்சிகோ நகரம், 'ஐடா'வின் இரண்டாம் அங்க முடிவு. வெர்டி எழுதாத ஓர் உச்ச ஸ்வரத்தை எடுத்து, கோரஸ், எக்காளம் எல்லாவற்றுக்கும் மேலே அதை அப்படியே நிறுத்துகிறார். மெலிந்த பிறகு அந்தப் பலத்தில் ஒன்று காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். நுணுக்கம் கூடியது, மறுக்கவில்லை. அடிப்பலம் போனது. மூச்சைத் தாங்குவது வயிறும் விலாவும். இவ்வளவு எடை சட்டென்று போனால் தாங்கும் முறையையே புதிதாகப் பழக வேண்டும். ஓய்வே எடுக்காதவருக்கு அதற்கு நேரம் ஏது? நீங்கள் சொல்கிற மூன்று வருஷமும் பழைய பலத்தில் ஓட்டியதுதான்.

மதுரைக்காரி:
ஆண் பாடகர் யாராவது மெலிந்தார், பருத்தார் என்று இப்படி 70 வருஷமாகப் பேசியிருக்கிறோமா? நாடாப்புழு விழுங்கினார் என்று கட்டிவிட்ட கதை இன்னும் ஓடுகிறது. இத்தாலியில் ஒரு பாஸ்தா கம்பெனி, எங்கள் பாஸ்தா சாப்பிட்டுத்தான் மெலிந்தார் என்று விளம்பரமே போட்டது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். அன்றைக்கு மேடையில் நடித்த அவர் கையைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தவர்கள்தான் அதிகம். அந்தக் கை 'மெடேயா'வில் என்ன செய்தது என்று எழுத ஆளில்லை.

சுருதிப்பெட்டி அண்ணா, ஒரு கேள்வி. குரல் மெலிந்த பிறகுதான் ஆடியது என்கிறீர்கள். கீழ், நடு, மேல் என மூன்று ஸ்தாயியிலும் மூன்று பேர் பாடுவதுபோல் இருக்கிறது என்ற குறை குண்டாக இருந்தபோதே சொல்லப்பட்டதுதானே?

நடுராத்திரி வானொலி:
எல்லாரும் பெரிய பெரிய காரணம் தேடுகிறீர்கள். காதலர், கிரேக்கக் கப்பல் முதலாளி ஒனாசிஸின் கப்பல்! 1959இல் ஏறினார், பயிற்சி நின்றது, பாட்டு நின்றது. அதற்கு முன்னாலேயே கோபக்காரி என்று பெயர். 1958 ஜனவரியில் ரோமில் குடியரசுத் தலைவரே வந்து உட்கார்ந்திருக்க, முதல் அங்கத்தோடு எழுந்து போனவர். அப்படிப்பட்டவருக்குக் குரல் மட்டும் எப்படி நிலைக்கும்?

மதுரைக்காரி:
வானொலி தம்பி, அந்த ரோம் கதையை முழுசாகச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லாமல் மேடை ஏறினார். மாற்றுப் பாடகி யாரையும் அரங்கம் தயாராக வைத்திருக்கவில்லை. குரல் கைவிட்டதும் நிறுத்தினார். பின்னால் அவர் போட்ட வழக்கில் தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. முதல் நாள் தலைப்புச் செய்தி படித்த அத்தனை பேரும் அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

1957 எடின்பரோவும் அதே கதை. ஒப்பந்தம் 'சொன்னாம்புலா' நான்கு காட்சிகளுக்கு. அவரைக் கேட்காமல் ஐந்தாவதை அறிவித்துவிட்டார்கள். அவர் நான்கு பாடிவிட்டுக் கிளம்பினார், பத்திரிகைகள் 'ஓடிப்போனார்' என்று எழுதின. அந்த ஐந்தாவது காட்சியைப் பாடித்தான் ரெனாட்டா ஸ்கோட்டோ பெரிய பெயர் வாங்கினார். ஒப்பந்தப்படி நடந்தால் திமிர் என்றால் என்ன செய்வது?

பழைய ரெக்கார்டு:
ஒனாசிஸ் வாதம் காலக்கணக்கிலேயே அடிபடுகிறது. குரல் ஆட்டம் 1958 பதிவுகளிலேயே காதில் விழுகிறது. கப்பல் பயணம் 1959 கோடையில். காதல் குரலைக் கெடுத்தது என்பதைவிட, குரல் ஆட்டம் கண்டதால் மேடையிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்க ஒரு சாக்குக் கிடைத்தது என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இது என் ஊகம்.

மருந்துச்சீட்டு:
மருத்துவப் பக்கத்தையும் போட்டுவிடுகிறேன். 2010 வாக்கில் இத்தாலியக் குரல் நிபுணர்கள் இருவர் அவருடைய பதிவுகளை ஆராய்ந்து, தசைகளைப் பலவீனமாக்கும் டெர்மட்டோமயோசைடிஸ் நோய்தான் காரணம் என்றார்கள். தொண்டைத் தசையும் மூச்சுத் தசையும் இரண்டுமே தளரும். அப்படியென்றால் எடையும் இல்லை, பாரமும் இல்லை, கப்பலும் இல்லை.

சுருதிப்பெட்டி:
ஆள் போய் 30 வருஷம் கழித்து, பதிவைக் கேட்டு நோய் கண்டுபிடிப்பதை என்னால் அப்படியே விழுங்க முடியாது. வாய்ப்பு உண்டு என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

மதுரைக்காரி கேட்டதற்கு வருகிறேன். மூன்று ஸ்தாயியும் ஒட்டவில்லை என்ற குறை ஆரம்பத்திலிருந்தே உண்டுதான். அது என் பக்கத்து வாதம்தான் தங்கச்சி! ஒட்டாத குரலை மூச்சுப் பலத்தால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். கட்டு தளர்ந்ததும் மூட்டெல்லாம் தெரிய ஆரம்பித்தது.

ஜோன் சதர்லாந்தைப் பாருங்கள். 1952 லண்டன் 'நார்மா'வில் காலஸ் நார்மா, சதர்லாந்து பணிப்பெண் க்ளோதில்டே. அந்தப் பணிப்பெண் 1990 வரை பாடினார். காலஸின் கடைசி ஓபரா 1965 ஜூலை, லண்டன், டோஸ்கா. வயது 41. தொழில்நுட்பம் என்று ஒன்று இருக்கிறது சார்.

பழைய ரெக்கார்டு:
சதர்லாந்து பெரிய பாடகி, சந்தேகமில்லை. ஆனால் அவர் நடந்த பாதையில் முள் எடுத்தது யார்? 'ஆன்னா பொலேனா', 'இல் பிராத்தா', செருபினியின் 'மெடேயா' எல்லாம் தூசி படிந்து கிடந்தவை. 50களில் காலஸ் பாடிய பிறகுதான் அரங்குகள் அவற்றை எடுத்தன. பெல்லினியில் வெறும் பிருகா மட்டுமில்லை, நாடகமும் இருக்கிறது என்று காட்டியவர் அவர். எத்தனை வருஷம் பாடினார் என்பதை வைத்து மட்டும் எடைபோட்டால் பெரிய பாடகர் பட்டியலில் பலர் கீழே விழுவார்கள்.

1953 'டோஸ்கா' ஸ்டூடியோப் பதிவு, தெ சபாத்தா நடத்தியது. வில்லன் ஸ்கார்பியாவை டோஸ்கா குத்திக் கொன்ற பிறகு வரும் ஒரே ஒரு வரி: இவன் முன்னாலா ரோமே நடுங்கியது! புச்சினி அதைக் கீழே ஒரே ஸ்வரத்தில் எழுதியிருக்கிறார். அதில் குரல் காட்ட ஒன்றுமே இல்லை. காலஸ் அதில் இகழ்ச்சி, அருவருப்பு, களைப்பு மூன்றையும் வைக்கிறார். 1964இல் லண்டனில் படம்பிடித்த இரண்டாம் அங்கம் இணையத்தில் கிடைக்கிறது. மேல் ஸ்வரங்கள் கரகரக்கின்றன. அந்த வரி அப்படியே இருக்கிறது.

சுருதிப்பெட்டி:
கீழ் ஸ்வரத்தில் ஒரு வரி பேசுவதற்கு ஓபரா பாடகி எதற்கு? நடிகை போதுமே. அதே அங்கத்தில் டோஸ்கா பிரார்த்திக்கும் 'விஸ்ஸி தார்த்தே' பாட்டின் உச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நழுவுகிறீர்கள் பாருங்கள்.

பழைய ரெக்கார்டு:
நழுவவில்லை. அந்த உச்சம் ஆடுகிறது, 1964இல் நன்றாகவே ஆடுகிறது. அங்கே பிரார்த்திக்கிறவள் நிம்மதியாகப் பாடுகிற நிலையில் இல்லை, எனக்கு அது உறுத்தவில்லை. 1973-74இல் பாடகர் டி ஸ்தெஃபனோவோடு போன கச்சேரிச் சுற்றில் அதே ஆட்டம் உறுத்துகிறது; பியானோ மட்டும், பாத்திரம் கிடையாது, மறைய இடமில்லை. அந்தச் சுற்றை மட்டும் அவர் போயிருக்க வேண்டாம் என்பதில் நீங்களும் நானும் ஒரே பக்கம்.

மதுரைக்காரி:
நான் அந்தப் பக்கம் இல்லை. அந்தச் சுற்றுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் யாரும் 1951 மெக்சிகோ கிடைக்கும் என்று வந்திருக்கமாட்டார்கள். பாட ஆசைப்பட்டார், பாடினார். அதற்கும் நம் அனுமதி வேண்டுமா?