நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயு எடுத்ததால் வந்த நிலநடுக்கம்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

லோப்பர்சம் மகள்:
2018 ஜனவரி 8, பின்னேரம் மூன்று மணி. சேரைப் கிராமத்தில் நிலநடுக்கம், அளவு 3.4. இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆட்டத்தை விட அந்தச் சத்தம்தான். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதால் கீழேயிருந்து அறைந்த மாதிரி வரும். அம்மா குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்திருக்கிறார். ஈரக்கையால் இரண்டு காதையும் பொத்தி, வாயை அகலத் திறந்தபடி. ஷெல் அடிக்கும்போது ஊரில் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே படுக்கை. நிலமெல்லாம் பருப்பு.

சுவர் வெடிப்புக்குக் காசு வந்தது. அந்தத் திறந்த வாயைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

செங்கல்வீடு:
அப்பிங்கடாம், பழைய செங்கல் வீடு. படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியே ஏறும் விரிசல். அது எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பேன். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு கோடு. ஆய்வுக்கு வந்தவர் கண்ணாடி மாதிரி ஒரு அட்டையை விரிசல்மேல் வைத்து அளந்தார். "களிமண் நிலம், வீடு தானாக இறங்கியிருக்கிறது" என்றார். தேதிகளைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், எதையும் குறித்துக்கொள்ளவில்லை. நிமிரும்போது அவர் கோட்டுக் கை சுவரில் உரசி, 2019 மே 22 அழிந்துபோனது. வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று இரவு தூங்கவில்லை.

வடக்குக் காற்று:
தம்பி செங்கல்வீடு, கோடு போட்டது சரி. ஆனால் நிரூபிக்கிற வேலையை நீங்கள் ஏன் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்? 2016 கடைசியிலேயே சட்டம் மாறிவிட்டது. நிலநடுக்கத்தால் வரக்கூடிய சேதம் மாதிரி தெரிந்தாலே எரிவாயு எடுத்ததுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. "களிமண்" என்று வாயால் சொன்னால் போதாது. அறிக்கை வந்ததும் படிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு விரிசலுக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதுங்கள். அப்புறம் சேத இழப்பீடு வேறு, வீட்டு மதிப்பு குறைந்ததற்கான தொகை வேறு, வீட்டைப் பலப்படுத்தும் வேலை வேறு. ஒன்றுக்கு மனுப்போட்டுவிட்டு மற்றதும் வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆய்வே வேண்டாம் என்றால் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை ஏற்பட்ட சேதக் கணக்கு அதோடு முடிந்துவிடும். நாங்கள் அப்படித்தான் 5,000 யூரோ வாங்கினோம், ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை.

செங்கல்வீடு:
அண்ணா, சட்டம் தெரிந்துதான் மனுப்போட்டேன். மறுப்பும் எழுதினேன், பணமும் வந்தது. நான் சொல்ல வந்தது அந்தச் சுவரைப் பற்றி.

பராமரிப்புப் பணி:
வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு பாட்டி, எண்பது தாண்டியவர், இந்த ஊர்க்காரர். 2012 ஆகஸ்ட்டில் ஹவுசிங்கவில் 3.6 வந்த இரவிலிருந்து மாடியில் படுப்பதில்லை. புகைபோக்கி மேலே விழும் என்ற பயம். அடுப்படி நாற்காலியில் தூங்குவார். காலடியில் செருப்பு, வாசலைப் பார்த்தபடி, அதற்குள் ஒரு டார்ச். காலையில் நான் போனதும் டார்ச் எரிகிறதா என்று அழுத்திக் காட்டுவார். அவர் வீட்டைப் பலப்படுத்தும் வேலைக்காகத் தற்காலிக வீட்டுக்கு மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணை அறிக்கை வந்தது. குரோனிங்கன் மக்களின் நலன் வருடக்கணக்காகப் புறக்கணிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். அக்டோபரில் உற்பத்தியையும் நிறுத்தினார்கள். பாட்டி அதற்கு முன்பே அந்தத் தற்காலிக வீட்டிலேயே போய்விட்டார். செருப்பு அங்கேயும் அப்படியேதான் இருந்தது.

வடக்குக் காற்று:
லோப்பர்சம் தங்கச்சி, மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு, 1,500 யூரோவிலிருந்து 5,000 வரை. அம்மாவுக்கும் மனுப்போடுங்கள். தமிழில் சொல்லச் சொல்லி நீங்கள் டச்சில் நிரப்பலாம்.

லோப்பர்சம் மகள்:
நிரப்ப உட்கார்ந்தேன் அண்ணா. வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்பது மாதிரி ஒரு கேள்வி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எந்த வீட்டில் என்று கேட்கினம், பிள்ளை?" என்றார். பக்கத்தை மூடிவிட்டேன். இந்தக் கிழமை திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன்.