கொருக்குப்பேட்டையில் கொம்பு கழன்றுவிட்டது: போக்கர் சிப் டிசைனுக்கு உதவி தேவை

ராயபுரம்_மாடி | சனி, இரவு 10:20

வணக்கம். நாங்கள் எட்டுப் பேர். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போக்கர் என்கிற சீட்டாட்டம் ஆடுவோம். காசு கிடையாது. முதலில் வெளியேறுகிறவர் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் எல்லோருக்கும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

இத்தனை நாள் பழைய கேரம் காய்களை வைத்து ஓட்டினோம். ஒரு செட்டுக்குச் சிவப்பு ஒன்றுதான் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். நான்கு செட்டைக் கலந்து வைத்திருந்தோம். போன மாதம் எண்ணிப் பார்த்தால் சிவப்பு ஐந்து இருக்கிறது! யாரோ வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொன்னால் நட்பு போய்விடும். அதனால்தான் வெளியில் எங்கும் கிடைக்காத சொந்த சிப் (காசுக்குப் பதிலாக ஆட்டத்தில் வைக்கிற வட்டக் காய்) அடிப்பது என்று முடிவெடுத்தோம். (சிப்ஸ் ஆர்டர் கொடுத்திருக்கிறேன் என்றதும் அம்மா நேந்திரங்காயா, மரவள்ளியா என்று கேட்டார்.)

செராமிக் சிப், 39 மில்லிமீட்டர், மொத்தம் 300. நான்கு மதிப்பு, ஒவ்வொன்றிலும் 75. படங்கள் எல்லாம் நம்ம ஏரியா: 25இல் ராயபுரம் ரயில் நிலையம், அடியில் 1856 என்று வருடம். 100இல் காசிமேடு விசைப்படகு. 500இல் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். 1000இல் அனல் மின் நிலையப் புகைபோக்கி. ஊர்ப் பெயர் மேலே வளைவாக, கரு நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தில்.

சாம்பிள் எட்டு சிப் நேற்று வந்தது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

'கொருக்குப்பேட்டை'யில் ஒற்றைக்கொம்பு தனியாக நிற்கிறது, கால் தனியாக நிற்கிறது, நடுவில் ஒரு புள்ளி வட்டம். இரட்டைக்கொம்பு 'பே'யை விட்டு விலகி வளைவில் சரிந்து கிடக்கிறது. மெய்யெழுத்தில் பாதிக்குப் புள்ளியே இல்லை. அப்புறம் 25க்கு நான் கொடுத்தது நல்ல நீலம், வந்தது கத்திரிப்பூ. 500ம் கத்திரிப்பூதான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அச்சகத்தில் கேட்டால் 'நீங்கள் அனுப்பியதைத்தான் அடித்தோம்' என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய ஃபைல் அனுப்ப வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கல்மண்டபம் | சனி, இரவு 10:31

எழுத்து கிடக்கட்டும். கொருக்குப்பேட்டை கேட் திறந்திருக்கிற மாதிரி வரைந்திருக்கிறீர்களே, அதை யார் நம்புவார்கள்?

ஆண்டர்சன்_தெரு | சனி, இரவு 11:05

கலங்காதீர்கள், இது சாம்பிளில் தெரிந்ததே நல்லது. கல்யாணப் பத்திரிகை டிடிபி வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன், 'கொ' உடைந்து வருவது எங்களுக்குக் காலை டீ மாதிரி. மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த சாஃப்ட்வேர், எந்த ஃபாண்ட், எழுத்தை எழுத்தாகவே அனுப்பினீர்களா அல்லது கர்வாக மாற்றி அனுப்பினீர்களா?

ராயபுரம்_மாடி | சனி, இரவு 11:12

பழைய கோரல்டிரா அண்ணா, நண்பர் கம்ப்யூட்டரில் இருந்தது. போனில் தமிழில் டைப் செய்து அப்படியே ஒட்டினேன். பிறகு வட்டத்தின் மேல் எழுத்தைப் பொருத்துகிற வசதியைப் பயன்படுத்தினேன். கர்வ் என்றால் என்ன என்றே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஆண்டர்சன்_தெரு | ஞாயிறு, காலை 7:40

நினைத்தேன். உங்கள் சிப்பில் ஒன்றல்ல, மூன்று கோளாறு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் தலை சுற்றுகிறது.

முதல் கோளாறு புள்ளி வட்டம். போனில் அடிப்பது யூனிகோடு. அதில் 'க' முதலில் வரும், 'ொ' குறி பின்னால் வரும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது சாஃப்ட்வேரின் வேலை. பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. ஒட்டிக்கொள்ள இடம் இல்லாத குறிக்குக் கீழே ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இதே தொல்லை உண்டு, ஆனால் அங்கே டைப் ப்ரிஃபரன்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். உங்களுக்கு என் யோசனை இங்க்ஸ்கேப். இலவசம், தமிழை ஒழுங்காகக் கோக்கும்.

இரண்டாவது வளைவு. எழுத்தை வட்டத்தில் ஓட்டும்போது சில சாஃப்ட்வேர் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் திருப்பும். ஆங்கில எழுத்துக்கு அது சரி. நமக்கு 'பே' என்பது கண்ணுக்கு ஒரே எழுத்து, சாஃப்ட்வேருக்கு இரண்டு துண்டு. கொம்பு ஒரு கோணத்தில், 'ப' இன்னொரு கோணத்தில் நிற்கும். பழைய பிரஸ் ஃபாண்டுகளில் கொம்பைத் தனி எழுத்தாக முதலில் அடிப்போம், அதனால் புள்ளி வட்டம் வராது. வளைவில் போட்டால் அதிலும் இடைவெளி விழும்.

வழி இதுதான். பெயரை முதலில் நேர்க்கோட்டில் அடியுங்கள். கண்ணால் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, சரி என்றால் கர்வாக மாற்றுங்கள். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் ஷிஃப்ட் சி, கோரலில் கண்ட்ரோல் கியூ. அதன்பின் அது எழுத்து இல்லை, வெறும் வடிவம். எந்த அச்சகத்தில் எந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் உடையாது. பிறகு 'கொ', 'ரு', 'க்', 'கு' என்று ஒவ்வொன்றையும் குழுவாகக் கட்டி, கையாலேயே வட்டத்தில் திருப்பி வையுங்கள். ஒரு பெயருக்குப் பத்து நிமிடம். பொறுமை இல்லையென்றால் வளைவையே விட்டுவிட்டு நேராகப் போடுங்கள். உள்ளதைச் சொல்கிறேன், தமிழ் நேராக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, புள்ளி காணாமல் போனது. இதில் உங்கள் தப்பு பாதி. செராமிக் என்று பெயர்தானே தவிர அது பீங்கான் இல்லை, ஒருவகை பிளாஸ்டிக். அதன்மேல் சப்ளிமேஷன் முறையில் அடிக்கிறார்கள். சூட்டில் சாயம் ஆவியாகி மேற்பரப்புக்குள் இறங்கும். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை எழுத்து என்றால் அந்த இடத்தில் அடிக்காமல் விடுவது, அவ்வளவுதான். சுற்றியிருக்கும் கரு நிறம் கொஞ்சம் கசிந்தாலும் முதலில் அடைபடுவது புள்ளிதான். உங்கள் 'கொருக்குப்பேட்டை' இப்போது ஓலைச்சுவடி மாதிரி இருக்கிறது, அதிலும் புள்ளி வைக்க மாட்டார்கள்.

வெளிர் பட்டையின் மேல் கருப்பு எழுத்தாக மாற்றுங்கள். தடித்த ஃபாண்ட், எட்டு பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். அந்த 1856ஐ எடுத்துவிடுங்கள். தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன் என்பது பெருமைதான், ஆனால் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு யாரும் சீட்டு ஆட மாட்டார்கள்.

ராயபுரம்_மாடி | ஞாயிறு, காலை 8:15

அண்ணா, கோடி நன்றி. 1856ஐ எடுக்க மனசு வரவில்லை. பார்க்கிறேன். நீலம் கத்திரிப்பூ ஆனது?

ஆண்டர்சன்_தெரு | ஞாயிறு, காலை 8:22

நீலத்தில் சயன் (பச்சை கலந்த நீல மை) எவ்வளவு, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு மை) எவ்வளவு?

ராயபுரம்_மாடி | ஞாயிறு, காலை 8:30

சயன் 100, மெஜந்தா 95 என்று காட்டுகிறது.

ஆண்டர்சன்_தெரு | ஞாயிறு, காலை 8:33

அது நீலம் இல்லை தம்பி, கத்திரிப்பூதான். திரை வெளிச்சத்தில் நீலமாகத் தெரியும், அச்சில் மெஜந்தா தன் வேலையைக் காட்டும். சயனை விட மெஜந்தா குறைந்தது 30 கீழே இருக்கட்டும். 100க்கு 60 வைத்துப் பாருங்கள்.

கேரம்_மாமா | ஞாயிறு, மதியம் 1:50

எல்லோரும் முகத்தையே பேசுகிறீர்கள். ஆடும்போது சிப்பின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அடுக்கி வைத்தால் மேலே இருக்கிற ஒன்றின் முகம் மட்டும் தெரியும், மீதி எல்லாம் விளிம்புதான். எதிரில் இருப்பவன் எவ்வளவு வைத்திருக்கிறான் என்று விளிம்பைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கத்திரிப்பூ அடுக்கின் நடுவே ஒரு நீலத்தைச் சொருகினால் கண்டுபிடிக்க முடியாது. சிவப்புக் காயைக் கொண்டுவந்த உங்கள் நண்பருக்கு அதைவிட வேறு வேண்டுமா?

ஆகவே தம்பி, டிசைனை விளிம்பிலிருந்து தொடங்கு. 39 மில்லிமீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு 122.5. கனம் 3.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உன் சாம்பிளை அளந்துகொள். அந்த அளவுக்குக் காகிதத்தில் கலர் பட்டை அடித்து, பழைய கேரம் காய்களை அடுக்கி அதன்மேல் சுற்றிப் பார். காயின் விட்டம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான், பட்டை கொஞ்சம் தொளதொளக்கும், பரவாயில்லை. அதை மொட்டை மாடியில், நீங்கள் ஆடுகிற அதே பல்ப் வெளிச்சத்தில், ஆறடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் வேறு மாதிரி தெரியும், மஞ்சள் பல்பில் வேறு மாதிரி.

கலர் மட்டும் போதாது. விளிம்பில் வெள்ளைக் கட்டங்களின் எண்ணிக்கையையும் மாற்று. 25க்கு மூன்று, 100க்கு நான்கு, 500க்கு ஆறு, 1000க்கு எட்டு. எட்டுப் பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை பிரிந்து தெரியாமல் இருக்கலாம், அவரும் பிழைத்துக்கொள்வார். ஆனால் முகத்தில் இருக்கும் கட்டமும் விளிம்பில் இருக்கும் கட்டமும் ஒரே கோட்டில் சேர்கிற மாதிரி வரையாதே. இரண்டும் தனித்தனியாக அச்சாகிற முறை என்றால் ஒன்றுக்கொன்று விலகத்தான் செய்யும். முகத்தின் ஓரத்தில் ஒரே நிறத்தில் ஒரு வளையம் விட்டுவிட்டால் விலகல் வெளியே தெரியாது.

இன்னொன்று. சிப்பில் போரிக் பவுடர் போடாதீர்கள். பழக்க தோஷத்தில் யாராவது போடுவார்கள், நம்ம பக்கத்து ஆட்களை எனக்குத் தெரியும்.

வியாசை_வாசி | ஞாயிறு, மதியம் 2:40

நான்கிலும் 75 என்பது தப்புக் கணக்கு ப்ரோ. ஒருவருக்கு 10,000 கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 25இல் பன்னிரண்டு, 100இல் பன்னிரண்டு, 500இல் ஐந்து, 1000இல் ஆறு. கூட்டினால் சரியாக 10,000. எட்டுப் பேருக்கு 96, 96, 40, 48. உங்கள் கணக்கில் 25க்கும் 100க்கும் ஆளுக்கு ஒன்பதுதான் வரும், 500 பெட்டியில் தூங்கும்.

ஆட்டம் பாதி தாண்டியதும் பந்தயம் ஏறிவிடும், 25க்கும் 100க்கும் வேலை இருக்காது. அவற்றை வாங்கிக்கொண்டு 1000ஆக மாற்றிக் கொடுப்பார்கள். மேசையில் இருக்கும் 25 எல்லாம் சேர்த்து 2,400, 100 எல்லாம் சேர்த்து 9,600, மொத்தம் 12,000. ஆக 1000இல் இன்னும் பன்னிரண்டு கூடுதலாக வேண்டும். 100, 100, 40, 60 என்று ஆர்டரை மாற்றுங்கள். அதே 300தான். ஒன்றிரண்டு தொலைந்தால் மாற்றுக்கும் 25இலும் 100இலும் தலா நான்கு மிஞ்சும்.

பேசின்பிரிட்ஜ் | ஞாயிறு, இரவு 7:05

மதிப்பைத் தமிழ் எண்ணில் போட்டால் கெத்தாக இருக்குமே? ௫௱, ௲ என்று.

ஆண்டர்சன்_தெரு | ஞாயிறு, இரவு 7:30

கெத்துதான். ஆனால் ௫ஐப் பார்த்து 'ரு' என்று படிப்பான், ௧ஐப் பார்த்து 'க' என்று படிப்பான். ஒவ்வொரு கைக்கும் பஞ்சாயத்து வைக்க வேண்டும். முகத்தில் பெரிதாக 500 போட்டுவிட்டு, அலங்காரத்துக்கு ஓரத்தில் ௫௱ வைத்துக்கொள்ளலாம். எண்ணுக்கு முன்னால் ரூபாய்க் குறி மட்டும் வேண்டாம். காசு வைத்து ஆடவில்லை என்று சொல்லிவிட்டு சிப்பில் ரூபாய் போட்டால், பார்க்கிறவர்களுக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ராயபுரம்_மாடி | வியாழன், இரவு 11:48

எல்லோருக்கும் பதில் தாமதம், மன்னிக்கவும். மூன்று ராத்திரி போனது.

இங்க்ஸ்கேப்பில் நான்கு பெயரையும் கர்வாக மாற்றிக் கையால் வளைத்தேன். 'டை'யின் இணைக்கொம்பு ஒரு தடவை எனக்குத் தெரியாமல் குழுவிலிருந்து கழன்று ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்திருந்தது, அம்மா பார்த்துச் சொன்னார். கேரம் காயில் பட்டை சுற்றி மாடியில் வைத்துப் பார்த்தோம். மாமா சொன்னது முழுக்கச் சரி. நீலத்தைத் திருத்திய பிறகும் மஞ்சள் பல்பில் கத்திரிப்பூவுக்குக் கிட்டத்தில்தான் நிற்கிறது. அதனால் நீலமே வேண்டாம் என்று 25ஐப் பச்சை ஆக்கிவிட்டேன். 100 கருப்பு, 500 கத்திரிப்பூ, 1000 மஞ்சள். கடைகளில் வரும் செட்டுகளிலும் பெரும்பாலும் இதே நிறங்கள்தானாம், தெரிந்திருந்தால் முதலிலேயே செய்திருப்பேன்.

ஃபைலை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக மெயிலில் அனுப்பியாயிற்று. சுற்றிலும் 2 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் விட்டிருக்கிறேன். 1856ஐ எடுக்கவில்லை, ஸ்டேஷன் தூண்களுக்கு மேலே பத்து பாயிண்டில் ஏற்றிவிட்டேன்.

ராயபுரம்_மாடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 9:10

300ம் வந்துவிட்டது! எல்லாப் புள்ளியும் இருக்கிறது, அம்மாவே எண்ணிப் பார்த்தார். இருபதாக அடுக்கினால் விளிம்பு கோடு போட்ட மாதிரி நிற்கிறது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் வெளிறல், ஆனாலும் பிரிந்து தெரிகிறது. சிவப்புக் காய் நண்பர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.

கல்மண்டபம் | ஞாயிறு, காலை 9:14

கேட்?

ராயபுரம்_மாடி | ஞாயிறு, காலை 9:20

ஒரு பக்கம் திறந்திருக்கிறது, மறுபக்கம் மூடியிருக்கிறது. சுண்டிப் பார்த்தேன். நாலு தடவையும் மூடியதுதான் விழுந்தது.