மகளுக்கு லேப்டாப் வேண்டுமா, போனே போதுமா?

தெப்பக்குளத்தான்:
மகள் இந்த வருடம் பி.காம். சேருகிறாள். வீட்டு லேப்டாப் தை மாதமே படுத்துவிட்டது. கடையில் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, போர்டு போச்சு, ஒன்பதாயிரம் ஆகும் என்றார்கள். திருப்பி வாங்கி பீரோ மேல் போட்டேன். ஐந்து மாதம் ஓடிவிட்டது. கரண்ட் பில், வீட்டு வரி, ரயில் டிக்கெட், பேங்க் எல்லாம் போனில்தான். லேப்டாப்பைத் தேடவே இல்லை. இப்போது நாற்பதாயிரம் போட்டு இன்னொன்று வாங்கச் சொல்கிறார்கள் வீட்டில். அதில் பாதிக் காசுக்கு நல்ல போன் வருமே என்கிறேன் நான். தப்பா?

மல்லிகைக்கடை:
தப்பே இல்லை அண்ணே. மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் எனக்கு. விலை கேட்பது, விவசாயிக்குப் பணம் போடுவது, வெளியூர் போன கூடைக்குக் கணக்கு அனுப்புவது எல்லாம் ஒரே போன். ஈரக்கையோடு லேப்டாப்பைத் தொட முடியுமா? எங்கள் கடையில் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது. சிட்டையிலிருந்து நேராகப் போனுக்கு வந்துவிட்டோம். டைப் அடிக்கவும் வேண்டாம், வாயால் சொன்னால் தமிழில் எழுதிக்கொள்கிறது. உலகமே இந்தப் பக்கம் வந்து பல வருடம் ஆயிற்று.

இலந்தைக்குளம்:
அந்தக் கடைசி வரி சரிதான். இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுன்ட்டர் கணக்குப்படி, போன், டேப்லெட் வழியாக இணையம் பார்ப்பது உலக அளவில் கணினியை முந்தியது 2016 அக்டோபரில். ஆனால் அது பார்ப்பதற்கான கணக்கு. வேலை செய்வதற்கான கணக்கு அல்ல.

வாடிப்பட்டி வாத்தியார்:
மேல்நிலை வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 2011-ல் அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் அதில் படமும் பார்த்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஃபோல்டர் போடுவது, ஃபைலுக்குப் பெயர் வைப்பது, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, இதெல்லாம் கையில் வந்தது. இப்போது வருகிறவர்கள் போனில் என்னைவிட வேகம். "அந்த ஃபைலை எங்கே சேமித்தாய்?" என்று கேட்டால் "வாட்ஸ்அப்பில் இருக்கு சார்" என்கிறார்கள். கட்டுரையை அதில்தான் தேடுகிறார்கள், பொங்கல் வாழ்த்துக்கு நடுவே. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தபோது, டேப்லெட் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவன் நான்.

மல்லிகைக்கடை:
ஃபோல்டர் தெரியாவிட்டால் சோறு கிடைக்காதா வாத்தியாரே?

வாடிப்பட்டி வாத்தியார்:
கிடைக்கும். கணக்கு வேலை கிடைக்காது. பி.காம். பிள்ளை டேலி படிக்க வேண்டும், அது விண்டோஸ் கணினியில் போட வேண்டிய கணக்கு மென்பொருள். எக்செல் போனிலும் திறக்கும், சரி. இரண்டு பட்டியலை அக்கம்பக்கம் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆறு அங்குலத்தில்.

இலந்தைக்குளம்:
போனுக்குத் தெம்பு இல்லை என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் 2020-ல் லேப்டாப்பில் போட்ட எம்1 சிப், ஐபோன் சிப் வம்சத்தில் வந்ததுதான். திரையும் கீபோர்டும் மாட்டிப் போனையே கணினி ஆக்கும் ஆசையும் பழையது. மோட்டோரோலா 2011-ல் ஏட்ரிக்ஸ் என்று செய்து பார்த்தது, சாம்சங் 2017-ல் டெக்ஸ் கொண்டு வந்தது. நானே ஒரு மாதம் டெக்ஸில் ஓட்டினேன். மெயில், டாக்குமென்ட் எல்லாம் அருமை. ஒரு பழைய மென்பொருள் தேவைப்பட்ட அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். இன்னொன்று, விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் சார்ஜர் மாட்டும் டைப்-சி ஓட்டை வழியாகப் படம் வெளியே வராது. ஓட்டை பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இருபதாயிரம் ரூபாய் போனை டிவியில் மாட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் வயரோடு ஏமாறுவீர்கள்.

தெப்பக்குளத்தான்:
அதைத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

டிடிபி அண்ணாச்சி:
மேலமாசி வீதி பக்கம் இருபது வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். போனே கம்ப்யூட்டர் என்று சொல்கிறவர்களால்தான் கடை ஓடுகிறது, அதனால் நன்றியோடு எழுதுகிறேன். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் பத்துப் பேர் போனோடு நிற்பார்கள். போட்டோவும் கையெழுத்தும் கேட்ட கேபி அளவுக்குள் வரவில்லை, பிடிஎஃப் சேரவில்லை, ஓடிபி வருவதற்குள் பக்கம் மூடிக்கொண்டது. என் மெஷினில் பத்து நிமிடம், ஐம்பது ரூபாய். கல்யாணப் பத்திரிகையைப் போனில் வடிவமைத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள். அது பிழிந்த எலுமிச்சம்பழமாக வந்து சேரும், அதை ஃபிளெக்ஸில் பத்தடிக்கு அடிக்கச் சொன்னால் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். பிறகு நான் முதலிலிருந்து போடுவேன்.

உங்கள் லேப்டாப் எங்கேயும் போகவில்லை அண்ணே. என் மேசைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆமாம், நீங்கள் என்ன வேலை?

தெப்பக்குளத்தான்:
திருமங்கலம் பக்கம் ஒரு மில்லில் கணக்கு. ஆபீசில் டெஸ்க்டாப் இருக்கிறது.

டிடிபி அண்ணாச்சி:
ஐந்து மாதம் தேடாத காரணம் தெரிந்துவிட்டது.

தெப்பக்குளத்தான்:
சரி, பிடித்துவிட்டீர்கள். மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக்கூட அங்கேதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

மல்லிகைக்கடை:
எனக்கு ஆபீசும் இல்லை. நான் சொன்னது நிற்கும்.

டிடிபி அண்ணாச்சி:
உங்கள் ஜிஎஸ்டி யார் போடுகிறார்கள் தம்பி?

மல்லிகைக்கடை:
பூவுக்கு ஜிஎஸ்டி கிடையாது அண்ணாச்சி!

டிடிபி அண்ணாச்சி:
வருமான வரி?

மல்லிகைக்கடை:
ஆடிட்டர் பார்க்கிறார்.

டிடிபி அண்ணாச்சி:
எதில் பார்க்கிறார்?

இலந்தைக்குளம்:
தம்பியை விடுங்கள், அவருக்குப் போன் போதும் என்பது உண்மைதான். பி.காம். பிள்ளைக்கு நாற்பதாயிரமும் தேவையில்லை. கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ஆபீஸ் லேப்டாப் அதில் பாதிக்குள் கிடைக்கும். எட்டு ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். வயரைக் கழற்றி வைத்துப் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே பாருங்கள். எல்லா கீயையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். புதிது வாங்க முடிந்தால் வாங்குங்கள், அது வேறு.

தெப்பக்குளத்தான்:
சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பீரோ மேல் கிடப்பதை எடைக்குப் போட்டுவிடலாமா?

டிடிபி அண்ணாச்சி:
ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போடுங்கள். பிள்ளையின் சின்ன வயசுப் போட்டோ எல்லாம் அதில்தானே இருக்கும்? அதற்கென்று சின்னப் பெட்டி மாதிரி கேஸ் விற்கிறது, போட்டு மாட்டினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும்.

மல்லிகைக்கடை:
பென் டிரைவைப் போனில் மாட்டுகிற ஓடிஜி வயர் போட்டால் போனிலேயே பார்க்கலாம்ல?