அயர்ன் மாத்திரை ஒத்துக்கவே மாட்டேங்குது, நிறுத்திட்டு சாப்பாட்டுலயே சமாளிக்கலாமா?

மழைச்சாரல்:
வணக்கம் தோழிகளே, எனக்கு இது ரெண்டாவது, 23 வாரம் ஓடுது. பெரியவனுக்கு மூணு வயசு, அவன் வயித்துல இருந்தப்ப எனக்கு இந்த பிரச்சனையே வரல. போன செக்கப்ல ஹீமோகுளோபின் 9.6 தான் இருக்குன்னு சொல்லி அயர்ன் ஒண்ணு கால்சியம் ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க. காலைல எழுந்ததும் வெறும் வயித்துல ரெண்டையும் சேர்த்து ஒரு டம்ளர் பால்ல முழுங்கிடுவேன், கையோட காபியும் குடிச்சிடுவேன். அரை மணி நேரம் ஆகாது, துருப்பிடிச்ச ஆணிய வாயில வச்ச மாதிரி ஒரு ருசி, அப்படியே குமட்டிக்கிட்டு வந்துடும். மோஷன் மூணு நாளைக்கு ஒரு தடவ தான் போகுது, அதுவும் கல்லு மாதிரி, கரி கருப்பா. முதல் நாள் பார்த்தப்ப உள்ள எங்கயாச்சும் ரத்தம் கசியுதோன்னு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு.

உண்மைய சொல்லிடுறேன், பத்து நாளா மாத்திரையே போடல. வீட்டுல கேட்டா போட்டாச்சுன்னு சொல்றேன். மாத்திரைய உரிச்சு டிஷ்யூ பேப்பர்ல சுத்தி குப்பைல போட்டுட்டு காலி அட்டைய மட்டும் கட்டில் பக்கத்து ஸ்டூல் மேல வச்சிடுறேன், அவர் பார்த்தா நம்பட்டும்னு. ராத்திரி படுத்தா குழந்தைக்கு கெடுதல் பண்றோமோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. சாப்பாட்டுலயே ஏத்திக்கலாமா? இல்ல மாத்திரை போட்டே தான் ஆகணுமா? திட்டாம சொல்லுங்க ப்ளீஸ்.

தேன்கூடு:
உங்கள திட்ட எனக்கு வாய் வராது சிஸ், ஏன்னா நானும் இதே தான் பண்ணேன். ஆறாவது மாசத்துல நிறுத்தினேன், யார்கிட்டயும் சொல்லல, டாக்டர் கேட்டப்ப கூட தலைய ஆட்டிட்டேன். பிரசவத்துக்கு போறப்ப எனக்கு ஹீமோகுளோபின் 8 கூட இல்ல. டெலிவரி நல்லபடியா தான் ஆச்சு, ஆனா அதுக்கப்புறம் ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமா ஆனதும் உடம்பு தாங்கல, ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. குழந்தைய மடியில வச்சா கூட கை நடுங்கும், எழுந்து பாத்ரூம் போனா கண்ணு இருட்டிக்கிட்டு வரும், சுவத்த பிடிச்சுக்கிட்டே நிப்பேன். என் பொண்ணோட முதல் ரெண்டு வாரம் எனக்கு சரியா ஞாபகமே இல்ல. இன்னிக்கும் அத நினைச்சா தான் அழுகை வரும். பத்து நாள் தானே ஆச்சு, உங்களுக்கு இன்னும் நிறைய டைம் இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போய் "எனக்கு ஒத்துக்கல, நான் போடல"ன்னு நேரா சொல்லிடுங்க.

இளவேனில்:
மாத்திரையெல்லாம் எதுக்குங்க, தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் குடிச்சா தன்னால ஏறிடும், எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான்.

வெண்புறா:
நான் பிரசவ வார்டுல நர்ஸா 14 வருஷமா இருக்கேன். முதல்ல இளவேனில் சொன்னதுக்கு பதில் சொல்லிடுறேன், கோச்சுக்காதீங்க. பீட்ரூட் சிவப்பா இருக்கிறது அதோட சாயத்தால, இரும்பால இல்ல. 100 கிராம் பீட்ரூட்ல ஒரு மில்லிகிராம் இரும்பு கூட கிடையாது. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் அளவுக்கு தேவைப்படுது, அதுலயும் காய்கறி, பருப்புல இருக்கிற இரும்பு உடம்புல கொஞ்சம் தான் சேரும். கறி, மீன்ல இருக்கிறது இன்னும் நல்லா சேரும். (ஈரல் மட்டும் வேணாம், அதுல விட்டமின் ஏ ரொம்ப அதிகம், கர்ப்பத்துல அது ஆகாது.) நல்லா சாப்பிடணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல, ஆனா 9.6க்கு இறங்கினத சாப்பாட்ட மட்டும் வச்சு பிரசவத்துக்குள்ள ஏத்துறது ரொம்ப கஷ்டம்.

மழைச்சாரல், நீங்க எழுதினத படிச்சதுமே எனக்கு தோணினது, நீங்க இவ்வளவு அவஸ்தைப்பட்டு போட்ட மாத்திரை கூட பாதி வீணாத்தான் போயிருக்கும். கால்சியமும் அயர்னும் ஒண்ணா போனா கால்சியம் அயர்ன சேரவிடாது, பால்லயும் கால்சியம் தான் இருக்கு, அதுக்கு மேல காபி வேற. காபி, டீயில இருக்கிற பொருள் இரும்ப பிடிச்சு வச்சுக்கும், குடல் உறிஞ்சாது. அதனால அயர்ன் தனியா, கால்சியம் தனியா, நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. காபியையும் அப்படியே தள்ளி வைங்க. அசிடிட்டி மாத்திரை ஏதாச்சும் போட்டா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அதுவும் இடைஞ்சல் பண்ணும். வெறும் வயித்துல போட்டா நல்லா சேரும்னு சொல்றது நிஜம் தான், ஆனா வாந்தில வெளிய போனா என்ன பிரயோஜனம், உங்கள மாதிரி குமட்டுறவங்க கொஞ்சம் சாப்பிட்டுட்டு போடலாம், இல்ல ராத்திரி படுக்கப் போறப்ப போடலாம், தூக்கத்துல பாதி குமட்டல் தெரியாது. ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி விட்டமின் சி இருக்கிறது கூட சேர்ந்தா இரும்பு நல்லா சேரும்.

மோஷன் கருப்பா போறது அயர்ன் போடுற எல்லாருக்கும் சகஜம், பயப்படாதீங்க. ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தத்தோட போனாலோ, சிவப்பா ரத்தம் தெரிஞ்சாலோ, வயித்து வலி இருந்தாலோ அது வேற, உடனே காட்டணும். மலச்சிக்கலுக்கு மாத்திரை மட்டும் காரணமில்ல, கர்ப்பத்துல சுரக்கிற ஹார்மோனே குடலோட வேகத்த குறைச்சிடும். தண்ணி, நார்ச்சத்து, தினம் கொஞ்சம் நடை, இத்தனைக்கும் சரியாகலன்னா கர்ப்பத்துல குடுக்கக்கூடிய மருந்து இருக்கு, கேட்டு வாங்குங்க. கூச்சப்பட்டுக்கிட்டு முக்கிக்கிட்டே இருந்தா மூலம் வந்து நிக்கும்.

இன்னொன்னு, ஏன் இறங்குச்சுன்னு மனசு ஒடியாதீங்க. கர்ப்பத்துல ரத்தத்தோட நீர் பங்கு கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஆயிடும், சிவப்பணு அந்த அளவுக்கு பெருகாது, அதனால கொஞ்சம் இறங்குறது எல்லாருக்கும் உண்டு. குழந்தை, நஞ்சுக்கொடி, உங்களோட கூடுதல் ரத்தம் எல்லாத்துக்குமா மொத்தம் 1000 மில்லிகிராம் போல இரும்பு தேவைப்படும். முதல் பிரசவத்துல செலவானது திரும்ப சேர்றதுக்குள்ள ரெண்டாவது வந்தா கையிருப்பு கம்மியாத்தான் இருக்கும், இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல.

டாக்டர்கிட்ட சொன்னா அவங்க கையில வழி நிறைய இருக்கு. வேற வகை அயர்ன் மாத்திரை, அளவு குறைச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், சிரப், எதுவுமே ஒத்துக்கலன்னா டிரிப்ஸ்ல ஏத்துற அயர்ன், நீங்க முதல் மூணு மாசத்த தாண்டினதால அதுவும் பண்ணலாம். ஒழுங்கா போட்டும் ஏறலன்னா தலசீமியா மாதிரி பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு இருக்கான்னும் பார்ப்பாங்க. ஆனா நீங்க போடாம போட்டேன்னு சொன்னா, "மாத்திரை வேலை செய்யல"ன்னு நினைச்சு அவங்க தேவையில்லாத டெஸ்ட்டெல்லாம் எடுக்கப் போவாங்க. அதுக்குள்ள உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, நெஞ்சு படபடன்னு அடிச்சா, மயக்கம் வந்தா வெயிட் பண்ணாம ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடுங்க.

இளவேனில்:
பீட்ரூட் விஷயம் எனக்கு சுத்தமா தெரியாதுங்க, நன்றி. என் தங்கச்சியும் இப்ப முழுகாம இருக்கா, அவகிட்ட இதையே தான் சொல்லி வச்சிருக்கேன், இப்பவே போன் பண்றேன்.

மழைச்சாரல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேன்கூடு அக்கா, நீங்க எழுதினத அவர்கிட்ட படிச்சு காட்டும்போதே அழுதுட்டேன், அப்படியே டிஷ்யூ பேப்பர் விஷயத்தையும் சொல்லிட்டேன். கோவப்படுவாருன்னு பார்த்தா, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னு மட்டும் சொல்லிட்டு மறுநாள் லீவ் போட்டு கூட வந்தார். டாக்டரும் திட்டல. உடம்புல இரும்பு கையிருப்பு எவ்வளவுன்னு பார்க்க ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, வேற மாத்திரை மாத்தினாங்க, ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு போடுறேன், கால்சியம் மத்தியானத்துக்கு போயிடுச்சு. நாலு நாள் ஆச்சு, ஒரு தடவ கூட வாந்தி இல்ல. மூணு வாரம் கழிச்சு திரும்ப ரத்தம் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க.

வெண்புறா:
ரொம்ப சந்தோஷம்மா. ஒண்ணு கேட்கணும்னு நினைச்சேன், அந்த மாத்திரை இன்னும் கட்டில் பக்கத்து ஸ்டூல் மேலயா இருக்கு? வீட்டுல மூணு வயசு பையன் இருக்கான்ல. அயர்ன் மாத்திரைய சின்னக் குழந்தைங்க மிட்டாய்னு நினைச்சு அள்ளி முழுங்கினா உயிருக்கே ஆபத்து. குப்பைத்தொட்டில போட்டதையும் ஒரு தடவ பார்த்துடுங்க.

மழைச்சாரல்:
ஐயோ, இத நான் யோசிக்கவே இல்ல. இப்பவே எழுந்து போய் எடுத்துட்டேன், அலமாரி மேல்தட்டுல வச்சு பூட்டியாச்சு. குப்பையையும் கட்டி வெளிய வச்சாச்சு.