கீமோவுக்குப் பின் நாலாம் நாள் அப்பா சுருண்டுவிடுகிறார்: மருந்தா, மனமா?

கேள்வி:
அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து, ஃபால்ஃபாக்ஸ் (ஆக்ஸாலிபிளாட்டின், 5-எஃப்யூ எல்லாம் சேர்ந்த கீமோ) 12 சுற்றில் 5 ஆகிவிட்டது. மருந்து ஏறும் நாளில் கலகலப்பு, இரவில் தூக்கமில்லை. நாலாம் நாள் யாரிடமும் பேச்சில்லை, அழுகை. விரல் மரத்திருப்பதை டாக்டரிடம் சொல்லாதே என்கிறார், சிகிச்சையை நிறுத்திவிடுவார்களாம். என்ன செய்யலாம்?

பதில் 1:
நாள் கணக்கைக் கவனியுங்கள். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முதல் நாளும், பல இடங்களில் அடுத்த 2, 3 நாளும் தொடரும். அது உடம்பில் இருக்கும்வரை துள்ளலும் தூக்கமின்மையும். நின்றதும் சட்டென்று இறக்கம். 5-எஃப்யூவை 46 மணி நேரம் மெல்ல ஏற்றும் பம்ப்பைக் கழற்றுவதும் அதே சமயம்தான் என்பதால் அசதியும் சேர்ந்துகொள்ளும். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையிலேயே கொடுக்கலாமா, அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒரு நோட்டில் தினமும் தூக்கத்தையும் மனநிலையையும் (0 முதல் 10) குறியுங்கள். 4, 5-ஆம் நாளில் விழுந்து 8-ஆம் நாளுக்குள் எழுந்துவிட்டால் ஸ்டீராய்டைச் சந்தேகிக்கலாம். அடுத்த சுற்றுவரையுள்ள 14 நாளும் எழவே இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் போகவேண்டும்.

பதில் 2:
மரப்பை மறைப்பதுதான் பெரிய தப்பு. குளிர்ந்ததைத் தொட்டால் ஷாக் அடிப்பது, தொண்டை இறுகுவது எல்லாம் ஆக்ஸாலிபிளாட்டினின் உடனடி விளைவு, சில நாளில் போய்விடும். அடுத்த சுற்றுவரை விடாத மரப்பு வேறு ரகம். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று பாருங்கள். டாக்டர்கள் பெரும்பாலும் ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் குறைப்பார்கள் அல்லது விடுவார்கள், 5-எஃப்யூ தொடரும். சிகிச்சையே நின்றுவிடாது, இதை அப்பாவிடம் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் 2, 3 மாதம் மரப்பு கூடலாம் என்பதால்தான் முன்கூட்டியே சொல்லவேண்டும். வலியும் இருந்தால் டுலாக்செட்டின் பற்றிக் கேளுங்கள், மனச்சோர்வுக்கும் அதே மருந்துதான். நரம்புக்கு நல்லது என்று விற்கும் அசிடைல்-எல்-கார்னிட்டின் மட்டும் வேண்டாம், மரப்பைக் கூட்டக்கூடும்.

பதில் 3:
ஹீமோகுளோபின், சோடியம், தைராய்டு பார்த்தாயிற்றா? ரத்தசோகையும் சோகம் போலவே தெரியும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால், அசதி என்று படுக்கவைக்காமல் உடனே மருத்துவமனை. ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

கேள்வி கேட்டவர்:
பொத்தான் போடுகிறார். ஆனால் 14-ஆம் நாளும் மரப்பு இருந்தது.

பதில் 2:
இதே வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆறாவது சுற்றுக்கு மருந்து கலக்கும் முன்பே.