பழைய ட்ராவல் ட்ரெய்லர்: கறுப்பு ஒயர் ப்ளஸ்ஸா, மைனஸா?

ஊர்சுற்றி:
டெக்சாஸில் உள்ள 30 ஆம்ப் ட்ராவல் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் நடமாடும் வீடு). பேட்டரி மாற்றும்போது கறுப்பை மைனஸிலும் வெள்ளையை ப்ளஸ்ஸிலும் மாட்டியதில் தீப்பொறி பறந்தது; உடனே மாற்றிப் போட்டாயிற்று. கேம்ப் கரண்ட் (முகாமிடத்தில் ப்ளக் மாட்டி எடுக்கும் 120 வோல்ட்) இருந்தால் விளக்கு, விசிறி எல்லாம் ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கினால் உள்ளே எதுவும் இல்லை. முன்பக்கத்து எலெக்ட்ரிக் ஜாக் (வண்டியின் முன்முனையைத் தூக்கி இறக்குவது) மட்டும் வேலை செய்கிறது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. பேனலுக்குப் பின்னால் ஒரே கறுப்பு வெள்ளைக் குவியல். எங்கே ஆரம்பிப்பது?

மல்டிமீட்டர்:
ரிவர்ஸ் போலாரிட்டி ஃப்யூஸ் போயிருக்கிறது. கன்வெர்ட்டர் (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கருவி) பேனலின் 12 வோல்ட் ஃப்யூஸ் வரிசையில், ஓரமாக அந்தப் பெயரோடு பெரும்பாலும் ரெண்டு இருக்கும். பச்சை என்றால் 30 ஆம்ப், ஆரஞ்சு என்றால் 40. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் போர்டைக் காப்பாற்றத் தாங்களே எரிந்துபோகும். கேம்ப் கரண்ட் கன்வெர்ட்டர் வழியாக நேரே பேனலுக்கு வருவதால் விளக்கு எரிகிறது. ஜாக் பேட்டரியிலிருந்தே தனி லைன் எடுக்கிறது, அதனால் தப்பித்தது.

கேம்ப் ப்ளக்கையும் பேட்டரி மைனஸையும் கழற்றிவிட்டு ரெண்டையும் வெளியே எடுத்து மீட்டரில் கன்டினியூட்டி (உள்ளே தொடர்பு அறாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். அதே ஆம்பில் மாற்றுங்கள், ஒரு அளவு கூட்டிப் போட்டால் அடுத்து எரிவது ஒயர்தான். பிறகு பேட்டரி மைனஸைத் திரும்ப மாட்டி, கேம்ப் கரண்ட் கொடுத்து பேட்டரி முனையில் அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் வரணும். 12.6-லேயே நின்றால், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்ரேமில் திருகியிருக்கும் சின்ன சர்க்யூட் பிரேக்கரைப் பாருங்கள். புது ஃப்யூஸும் போட்டவுடனே போனால் கன்வெர்ட்டர் போர்டு ஷார்ட்.

பின்வண்டி:
குழப்பத்துக்குக் காரணம் நிறம். காரில் கறுப்பு என்றாலே மைனஸ். ட்ரெய்லரின் 12 வோல்ட் பக்கம் பல கம்பெனிகள் கறுப்பை ப்ளஸ்ஸாகவும் வெள்ளையை மைனஸாகவும் போடுகின்றன. அதே பெட்டிக்குள் 120 வோல்ட்டில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். பொதுவாக, பல இழை முறுக்கு ஒயர் 12 வோல்ட்; உறைக்குள் வரும் ஒற்றைக் கம்பி 120. ஆனாலும் தொடுவதற்கு முன் மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து ஒருமுறை பார்த்தே ஆகணும்.

இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லர் விளக்குகளை இணைக்கும் 7 பின் ப்ளக்கிலும் இதே கதை. பல ஆர்வி (இதுபோலத் தங்கும் வசதியுள்ள) ட்ரெய்லர்களில் பச்சை டெயில் லைட், சிவப்பு இடது சிக்னல், பழுப்பு வலது சிக்னல். சாமான் ட்ரெய்லர் முறையில் பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. ப்ளக்கில் ஒவ்வொரு பின்னும் இருக்கும் இடம் மட்டும் மாறாது. அதனால் புது ப்ளக் போடும்போது நிறத்துக்கு நிறம் முறுக்காமல், டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்து இணையுங்கள்.

மல்டிமீட்டர்:
பேனலைத் திறந்த கையோடு நியூட்ரலையும் எர்த்தையும் 'சும்மா' சேர்த்துவிடாதீர்கள். ட்ரெய்லருக்குள் ரெண்டும் தனித்தனியாகவே இருக்கணும். சேருமிடம் வெளியே, சப்ளை பக்கத்தில். சேர்த்தால் வண்டியின் உடம்பிலேயே கரண்ட் ஓடும்.

வீட்டில் 30 ஆம்ப் சாக்கெட் வைக்கும் எண்ணம் இருந்தால், அது 120 வோல்ட் என்று எலெக்ட்ரீஷியனிடம் எழுதியே கொடுங்கள். துணி காயவைக்கும் ட்ரையர் சாக்கெட் என்று நினைத்து 240 கொடுத்துவிடுகிறார்கள். மைக்ரோவேவும் கன்வெர்ட்டரும் ஒரே நொடியில் காலி.