லாரி பின்னாடி எவ்வளவு இடைவெளி விடணும்? லாரி நம்ம பின்னாடி ஒட்டி வந்தா?

சேலம்ரோடு:
ஓசூர்–சேலம் என்எச் 44-ல அடிக்கடி கார் ஓட்ட வேண்டியிருக்கு. லோடு லாரி நிக்கறதுக்குக் காரைவிட அதிக தூரம் எடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா அது பின்னாடி பத்து மீட்டர்ல போனாலும் நமக்கு நிறுத்த நேரம் இருக்கும்தானே? வலது லேன்ல போற லாரி ஹார்ன் அடிச்சாலும் ஏன் விலக மாட்டேங்குது? டிப்பர் ஏதாவது பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்தா லேசா பிரேக்கைத் தொட்டுக் காட்டலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பத்துசக்கரம்:
உங்க பத்து மீட்டர் கணக்கு, லாரி பிரேக் பிடிச்சு நின்னா மட்டும்தான் நடக்கும். லைட் இல்லாம நிக்கற டிரெய்லர் மேல அது மோதினா அதே இடத்துலயே நின்னுடும். இல்ல, கடைசி நேரத்துல பார்த்துட்டு பக்கத்து லேனுக்கு வெட்டும். அப்ப டிரெய்லர் நேரா உங்க முன்னாடி இருக்கும். அதுவரைக்கும் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது லாரியோட பின்கதவு மட்டும்தான். 80-ல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர். பத்து மீட்டர்ங்கறது அரை செகண்டு கூட இல்ல. கால் ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக்குக்கு வரவே ஒரு செகண்டு கிட்ட ஆயிடும்.

பிரேக் லைட்டையும் நம்பாதீங்க. தொப்பூர் இறக்கத்துல லோடு வண்டி சின்ன கியர்ல, எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியே போறதை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தைக் குறைக்கறது) போட்டு இறங்கும். பெடலையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா சக்கரத்துல இருக்கற பிரேக் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமப் போயிடும், அதுக்காகத்தான். ஆனா பெடலைத் தொடாததால பல வண்டில பின்னாடி சிவப்பு எரியாது. லைட் எரியாமலே வேகம் குறையும், ஒட்டி வர்றவருக்குத் தெரியாது.

லாரிக்குப் பின்னாடி கீழே இருக்கற தடுப்புக் கம்பி தரையிலேர்ந்து 550 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. பழைய வண்டிகள்ல அது வளைஞ்சு, துருப்பிடிச்சு, பேருக்குத் தொங்கிட்டிருக்கும். அதுல மோதினா பானெட் அடியில நுழைஞ்சு, லாரியோட பாடி நேரா முன்கண்ணாடிக்கு வந்துடும்.

இடைவெளி அளக்க ஒரு வழி: லாரியோட பின்பக்கம் ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டினதும் 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு'ன்னு எண்ணுங்க. எண்ணி முடிக்கறதுக்குள்ள நீங்க கல்லுக்கு வந்துட்டா கிட்டப் போறீங்கன்னு அர்த்தம். மூணு செகண்டுன்னா 80-ல 67 மீட்டர், 100-ல 83. மழையிலயும் ராத்திரியிலயும் அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. நடுவுல வேற கார் புகுந்தா புகுந்துட்டுப் போகட்டும், மறுபடி பின்வாங்கிக்கலாம்.

ஏர்பிரேக்பட்டறை:
பிரேக்கைத் தொட்டுக் காட்டற வேலையே வேண்டாம் சார். கார்ல பெடலை மிதிச்சதும் பிரேக் பிடிச்சுடும். லாரில டேங்க்ல இருக்கற காத்து பைப் வழியா சக்கரத்துக்கிட்ட இருக்கற சேம்பருக்குப் போய், ஸ்லாக் அட்ஜஸ்டர்ங்கற நெம்புகோலைத் தள்ளி, பிரேக் ஷூ விரிஞ்சு டிரம்மைத் தொடணும். இதுக்கே அரை செகண்டு கிட்ட போயிடும். அட்ஜஸ்ட்மென்ட் பார்க்காத வண்டின்னா இன்னும் கூட.

தோராயக் கணக்கு சொல்றேன். காய்ஞ்ச ரோடு, 80 வேகம், டிரைவர் காலை மாத்த ஒரு செகண்டு. கார் 57 மீட்டர்ல நிக்கும். முழு லோடோட 28 டன் இருக்கற பத்து சக்கர வண்டி, பிரேக் நல்லா இருந்தாலே 85, 90 மீட்டர். அதாவது நீங்க நின்ன இடத்தைத் தாண்டி 30 மீட்டர் போய்த்தான் அது நிக்கும். அந்த 30 மீட்டர்ல இருக்கறது உங்க டிக்கி.

ஒட்டி வந்தா, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு உங்களுக்கு *முன்னாடி* இருக்கற இடைவெளியை அஞ்சாறு செகண்டா ஆக்குங்க. முன்னாடி இடம் இருந்தா நீங்க திடீர்னு மிதிக்க வேண்டி வராது. நீங்க மிதிக்கலேன்னா அவரும் மிதிக்க வேண்டாம். பிறகு இண்டிகேட்டர் போட்டு இடது லேனுக்கு வந்து அவரை விட்டுடுங்க. டோல்கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே வேகத்தைக் குறைக்க ஆரம்பிங்க. முன்னாடி வண்டிகள் திடீர்னு தேங்கி நின்னா நாலு இண்டிகேட்டரையும் போட்டு, பின்னாடி வர்றவர் வேகம் குறையறதைக் கண்ணாடில பார்த்துட்டு அணைங்க.

இடதுலேன்:
வலது லேன் விஷயம். 2015 அக்டோபருக்கு அப்புறம் வந்த லாரிகளுக்கு 80-ல வேகத்தை நிறுத்தற கருவி உண்டு. 76-ல போற லாரியை 80-ல போற லாரி தாண்டுதுன்னு வைங்க. ரெண்டோட நீளம், முன்னாடி பின்னாடி இடைவெளி எல்லாம் சேர்த்து 80 மீட்டர் கூடுதலாப் போகணும். நாலு கிலோமீட்டர் வித்தியாசத்துல அதுக்கு 72 செகண்டு, அதாவது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல. நடுவுல நீங்க ஹார்ன் அடிச்சா அவர் என்ன பண்ணுவார்? இடது பக்கம் எதிர்ல வர்ற டூவீலர், ஓரத்துல நிக்கற லாரி. ஒரு தடவை வேகம் குறைஞ்சா லோடோட மறுபடி 80-ஐத் தொட நாலஞ்சு கியர் மாத்தணும். ஆனா தாண்ட எதுவும் இல்லாமலே வலதுல ஊர்ந்துட்டுப் போறவங்களும் இருக்காங்க, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல.

அவசரப்பட்டு இடது பக்கமா நுழையாதீங்க. டிரைவர் உட்கார்றது வலது பக்கம்; இடது கதவு ஓரம் அவருக்கு இருட்டு. அவர் கண்ணாடில அவர் முகம் உங்களுக்குத் தெரியலேன்னா நீங்களும் அவருக்குத் தெரியல.

சேலம்ரோடு:
ரொம்ப நன்றி. இன்னும் ஒண்ணே ஒண்ணு: ஒத்தை ரோட்டுல லாரி வலது இண்டிகேட்டர் போட்டா தாண்டிப் போன்னு அர்த்தமா?

பத்துசக்கரம்:
சில பேர் அந்த அர்த்தத்துல போடுவாங்க.

இடதுலேன்:
அண்ணே, அதை அப்படியே விட்டுடாதீங்க. அதே வலது இண்டிகேட்டர் 'எதிர்ல வண்டி வருது, வராதே'ன்னும் இருக்கும், 'நான் வலது பக்கம் திரும்பறேன்'னும் இருக்கும். மூணும் ஒரே விளக்குதான். பின்வாங்கி, எதிர்ல ரோடு காலியா இருக்கறதை உங்க கண்ணால பார்த்தாத்தான் தாண்டணும். தாண்டும்போது பக்கத்துல ஒட்டியே ஓட்டாதீங்க, ரீட்ரெட் டயர்னா (தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டினது) தோல் உரிஞ்சு பறந்து வரும். உள்கண்ணாடில லாரியோட ரெண்டு ஹெட்லைட்டும் முழுசாத் தெரிஞ்ச பிறகு இடது பக்கம் வாங்க, வந்ததும் பிரேக் பிடிக்காதீங்க.